ஈ.எல்.சி.பி.யைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள், கழற்றலாமா?

கேள்வி: நாங்கள் செந்தூலில் ஒரு பழைய தெரஸ் வீட்டில் இருக்கிறோம். அப்பா வாங்கிய வீடு. கொஞ்ச நாளாக மழை பெய்தால் போதும், வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பெட்டியைப் பார்த்தால் ஈ.எல்.சி.பி. என்ற சுவிட்ச் கீழே விழுந்திருக்கும். தூக்கிவிட்டால் சில சமயம் நிற்கிறது, சில சமயம் நிற்பதில்லை. இன்னொன்று, குசினிக்குப் பின்பக்கம் துணி துவைக்கும்போது வாஷிங் மெஷினைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று இருக்கிறது என்று அம்மா சொல்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் ஓரளவு வயரிங் தெரிந்தவர். ‘ஈ.எல்.சி.பி. பழசாகிவிட்டது, அதைத் தாண்டி நேராக இணைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது’ என்கிறார். அப்படிச் செய்யலாமா? வீட்டுக்குள் கரண்ட் எப்படி வேலை செய்கிறது என்று அடிப்படையிலிருந்து சொன்னால் நல்லது. பள்ளிக்கூடத்தில் படித்தது எதுவும் நினைவில் இல்லை. இதெல்லாம் நமக்குப் புரிகிற விஷயமா என்றும் தெரியவில்லை.

வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்:

சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த வாஷிங் மெஷினின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள். வயர்மேன் ஒருவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அம்மா அதில் துவைக்க வேண்டாம். செருப்புப் போட்டுக்கொண்டு தொடலாமா, கையைத் துடைத்துக்கொண்டு தொடலாமா என்றெல்லாம் யோசிக்காதீர்கள். நாலு நாள் துணியை டோபியில் போட்டால் போகிறது.

நீங்கள் மழைத் தொல்லையை முதலில் எழுதி, அம்மாவின் விரல் நுனியை ‘இன்னொன்று’ என்று பின்னால் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அவசரமாகப் பட்டது பின்னால் வந்த வரிதான். மழையில் விழுகிற ஈ.எல்.சி.பி., கரண்ட் எங்காவது கசிந்தால் வீட்டை அணைத்துவிடுகிற சுவிட்ச். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. மெஷினில் சுருக்கென்று அடிப்பது, இருக்க வேண்டிய ஒன்று அங்கே இல்லை என்று காட்டுகிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டவே வேண்டாம். உதவுகிற மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொல்வதைச் செய்துவிட்டால் உங்கள் வீட்டில் ஆளைக் காப்பாற்றுகிற ஒரே கருவியும் போய்விடும். ‘ஒரே கருவி’ என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மலேசிய வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்கிற முறையே அப்படி. அதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

நமக்குப் புரிகிற விஷயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நாட்டில் மின்சாரத்தின் கதையே ரவாங் ஈயச் சுரங்கத்தில்தான் தொடங்குகிறது. 1894இல் அங்கே ஜெனரேட்டர் வைத்து ஓட்டியவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. இன்னொருவர் பத்துமலைக் கோவிலை எழுப்பிய நம் தம்புசாமிப் பிள்ளை. பிறகு, மின்சாரம் வழங்குகிற தெனாகா நிறுவனம் இன்னும் எல்.எல்.என். என்ற பெயரில் இருந்த காலத்தில் கம்பம் நட்டு, கம்பி இழுத்த நம் ஆட்கள் எத்தனையோ பேர். ஆகவே இது யாரோ படித்தவர்களின் விஷயம் என்று ஒதுங்க வேண்டாம். கூட்டல் கழித்தலும் கொஞ்சம் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

சரி, அடிப்படைக்கு வருவோம்.

உங்கள் குடியிருப்புத் தாமானுக்குப் பக்கத்தில் எங்காவது வேலி போட்ட சின்னக் கட்டடம் ஒன்று இருக்கும். அதற்குள் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர், 11,000 வோல்ட்டில் வருகிற மின்சாரத்தை வீட்டுக்குத் தக்க 230 வோல்ட்டாகக் குறைத்து அனுப்புகிறது. அங்கிருந்து வீட்டுக்கு வேலை செய்ய வருவது இரண்டே கம்பிகள். ஒன்று லைவ், மற்றது நியூட்ரல். லைவ் வழியாக வந்து, விளக்கிலோ காற்றாடியிலோ வேலையை முடித்துவிட்டு, நியூட்ரல் வழியாக அதே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். வழி முழுதாக இருந்தால்தான் கரண்ட் ஓடும். சுவிட்ச் செய்கிற வேலை அந்த வழியை ஓரிடத்தில் அறுப்பது, அவ்வளவுதான். நம் நாட்டில் இது விநாடிக்கு 50 சுழற்சியாக முன்னும் பின்னும் ஓடுகிற மின்சாரம். ஆனால் உங்கள் கேள்விக்கு ‘போய்த் திரும்புகிறது’ என்று நினைத்துக்கொண்டாலே போதும்.

இங்கே பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். திரும்ப நியூட்ரல் வேண்டும் என்றால், லைவை மட்டும் தொட்டவருக்கு ஏன் ஷாக் அடிக்கிறது? டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற இடத்தில் நியூட்ரலை மண்ணோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். அதனால் நாம் நிற்கிற தரையும் திரும்பிப் போகிற ஒரு வழி ஆகிவிடுகிறது. ஈரமான சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் லைவ் ஏறிய எதையாவது தொட்டால், கரண்ட் கை வழியாக உடம்பில் நுழைந்து, காலில் இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய்விடும். பூமிக்குள் போன கரண்ட் அங்கேயே கரைந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, புறப்பட்ட இடத்துக்குத்தான் போகிறது.

எவ்வளவு ஓடும்? ஈரத்தோடு இருக்கும் மனித உடம்பின் மின்தடையை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வையுங்கள். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். அரை மில்லி ஆம்பியரிலேயே விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். 10 மில்லி ஆம்பியரைச் சுற்றி, பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிவிடும். 30ஐத் தாண்டி நீடித்தால் இதயம் தாளம் தப்ப ஆரம்பிக்கும் ஆபத்து உண்டு. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பாருங்கள்.

வீட்டுக்குள் வரும் கரண்டை லைன் லைனாகப் பிரித்துவிடுகிற டி.பி. பெட்டியில் பெரிதாக ஒரு மெயின் சுவிட்ச், அதன் பக்கத்தில் ‘டி’ என்று எழுதிய சின்னப் பட்டனோடு ஈ.எல்.சி.பி., அப்புறம் லைனுக்கு ஒன்றாக, வரிசையாகச் சிறிய எம்.சி.பி. சுவிட்சுகள் இருக்கும். இப்போது விற்கிற கருவியின் சரியான பெயர் ஆர்.சி.சி.பி. நம் மக்கள் வாயில் இன்னும் ஈ.எல்.சி.பி.தான், நானும் அப்படியே சொல்கிறேன்.

எம்.சி.பி.யின் மேல் 6, 10, 20, 32 என்று எண் இருக்கும். அது ஆம்பியர். அந்த லைனில் அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினாலோ, லைவும் நியூட்ரலும் நேராக முட்டிக்கொண்டாலோ அது விழும். சுவருக்குள் ஓடுகிற கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. மேலே போட்ட கணக்கையே பாருங்கள். உடம்பில் ஓடுவது 0.23 ஆம்பியர். 32 ஆம்பியருக்குக் காத்திருக்கிற எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன விளக்கு எரிகிற கணக்கு. மனிதர் துடித்துக்கொண்டிருந்தாலும் அது அசையாது.

ஆளுக்காக இருப்பது ஈ.எல்.சி.பி. பள்ளிப் பேருந்து ஆன்ட்டி காலையில் ஏற்றிய பிள்ளைகளை மாலையில் தலை எண்ணி இறக்குவது மாதிரிதான் அது வேலை செய்கிறது. லைவ், நியூட்ரல் இரண்டு கம்பிகளையும் உள்ளே ஓர் இரும்பு வளையத்தின் நடுவே விட்டிருப்பார்கள். போன கரண்ட் முழுதும் திரும்பினால் இரண்டு கம்பிகளின் காந்த விளைவும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், வளையம் சும்மா இருக்கும். கொஞ்சம் குறைந்து திரும்பினால் வளையத்தில் காந்தம் ஏறும். அதில் சுற்றியிருக்கிற மூன்றாவது சுருளில் மின்சாரம் பிறந்து சுவிட்சைத் தட்டிவிடும். குறைந்தது வேறெங்கோ கசிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒருவேளை ஓர் ஆளின் உடம்பு வழியாக.

இந்தக் கருவி நம் நாட்டில் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு வருகிறேன். சாமான்களின் தகர உடம்பைக் கம்பி போட்டு மண்ணோடு இணைப்பதைத்தான் எர்த் என்கிறோம், கசிகிற கரண்ட் அதில் இறங்கிவிட வேண்டும். சில நாடுகளில் மின்சார நிறுவனமே எர்த்துக்கும் உலோக வழி கொடுத்துவிடும். தெனாகா சாதாரண வீடுகளுக்கு அப்படிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வீடும் தன் எர்த்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். மீட்டர் இருக்கிற சுவருக்கு அருகே மண்ணில் அடித்திருக்கிற செம்புப் பூச்சுள்ள கம்பிதான் அந்த எர்த். வீட்டின் பச்சை நிறக் கம்பிகள் எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது அங்கேதான்.

மண் நல்ல கடத்தி இல்லை. கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் 20 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாஷிங் மெஷினுக்குள் லைவ் கம்பி அறுந்து தகரத்தில் முட்டுகிறது. ஓடக்கூடிய கரண்ட் 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர். பிளக்கில் இருக்கிற 13 ஆம்பியர் ஃபியூஸ் போகாது, 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் விழாது. மெஷினின் தகரம் லைவாகவே நின்றுகொண்டிருக்கும். இரண்டரைக் கிலோவாட்டுக்கு மேல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும், மீட்டரும் அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் உங்கள் அம்மா மூடியைத் திறக்கக் கை வைத்தால்?

அதே இடத்தில் ஈ.எல்.சி.பி. இருந்தால் கம்பி தகரத்தில் முட்டிய கணமே, யாரும் தொடுவதற்கு முன்னாலேயே, விநாடியில் ஒரு சிறு பகுதிக்குள் வீட்டையே அணைத்துவிடும். கசிவு கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது என்றாலும் 0.1 ஆம்பியரை எட்டும்போது விழுந்துவிடும். அப்போது தகரத்தில் ஏறியிருப்பது வெறும் 2 வோல்ட், தொட்டாலும் தெரியாது. இதைத்தான் ‘தாண்டி இணைத்துவிடலாம்’ என்கிறார் அந்த அண்ணன். அவரிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள். வயரிங் தெரிந்தவர் என்பதால் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

இப்போது அம்மாவின் விரல் நுனி.

ஈ.எல்.சி.பி. நன்றாக இருந்தும் மெஷினில் ஷாக் அடிக்கிறது, ஆனால் சுவிட்ச் விழவில்லை. எப்படி? எர்த் கம்பி மெஷினோடு சேரவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். இப்போது வருகிற வாஷிங் மெஷின்களில் மின்னணுப் பலகை கிளப்புகிற மின் இரைச்சலை அடக்க ஒரு ஃபில்டர் இருக்கும். அது லைவையும் நியூட்ரலையும் சிறு கெப்பாசிட்டர்கள் மூலம் மெஷினின் உடம்போடு தொட்டும் தொடாமலும் இணைத்திருக்கும். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கசிவு எர்த்தில் இறங்கிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் அறுந்திருந்தால் மெஷினின் தகரம் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். ஓடுவது அரை மில்லி ஆம்பியர் அளவுதான் என்பதால் சுருக்கென்று மட்டும் இருக்கும், ஈ.எல்.சி.பி.க்கு அது தெரியாது.

அரை மில்லி ஆம்பியர்தானே, விட்டுவிடலாம் என்று தோன்றும். விடக் கூடாது. எர்த் இல்லாத மெஷினில் நாளைக்கு உண்மையிலேயே கம்பி அறுந்து முட்டினால், கசிய வேறு வழி இல்லாததால் ஈ.எல்.சி.பி. விழாது. தகரம் 230 வோல்ட்டில் ஏறி நிற்கும். முதலில் தொடுகிற ஆள்தான் கரண்டுக்கு வழி. அந்த ஆளின் உடம்பில் ஓடிய பிறகுதான் சுவிட்சுக்குச் செய்தி போகும். தவிர, விரலில் உணர்வதை வைத்து இது ஃபில்டர் கசிவா, உள்ளே கம்பி நைந்துவிட்டதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் முதல் வரியிலேயே பிளக்கைக் கழற்றச் சொன்னேன்.

எர்த் எங்கே அறுந்திருக்கும்? நான் முதலில் பார்ப்பது பிளக். மூன்று முனைப் பிளக்கில் மேலே நீளமாக இருக்கிற முனைதான் எர்த். சொருகும்போது முதலில் சேரவும், கழற்றும்போது கடைசியில் பிரியவும் வேண்டும் என்றே அதை நீளமாக வைத்திருக்கிறார்கள். கழற்றி மாட்டக்கூடிய பிளக்காக இருந்தால், திறந்து பார்த்தால் பச்சை மஞ்சள் கம்பி திருகாணியிலிருந்து நழுவி ஓரமாக நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். விளக்கும் மோட்டாரும் எர்த் இல்லாமலே ஓடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அடுத்தது எக்ஸ்டென்ஷன். மூன்று துளை இருக்கும், உள்ளே ஓடுவது இரண்டு கம்பி. மலிவுக் கடை எக்ஸ்டென்ஷன்களில் இது உண்டு. தரச் சான்றான சிரிம் முத்திரை இல்லாததைக் குசினிப் பக்கம் கொண்டுவரவே கூடாது. இரண்டு முனை அடாப்டர் போட்டு மெஷினைச் சொருகியிருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், வெளியே போய் மீட்டர் சுவரின் அடியைப் பாருங்கள். அப்பா எப்போதாவது முன்பக்கம் போர்ச் நீட்டி டைல்ஸ் போட்டாரா? செகாம்புட்டில் ஒரு வீட்டில் டி.பி. பெட்டி புதுசு, ஈ.எல்.சி.பி. புதுசு, எல்லாம் பளபளவென்று இருந்தது. பெட்டியிலிருந்து இறங்கிய பச்சைக் கம்பியைத் தொடர்ந்து போனால் டைல்ஸ் விளிம்பில் வெட்டி, மேலே சிமெண்டு பூசியிருந்தார்கள். போர்ச் வேலைக்கு வந்தவர்களுக்கு அது எதற்கு என்று தெரியவில்லை, வழியில் இருந்தது, வெட்டிவிட்டார்கள். வீடு முழுவதற்கும் எர்த் இல்லை, வீட்டுக்காரருக்குத் தெரியவும் இல்லை. கம்பி இருக்கிற வீடுகளிலும், அதைக் கவ்விப் பிடித்திருக்கிற கிளிப் பச்சைப் பூத்து, கையால் ஆட்டினால் ஆடுகிற நிலையில் இருப்பதுண்டு. நீங்கள் கண்ணால் மட்டும் பாருங்கள், ஆட்டிப் பார்க்கிற வேலை வயர்மேனுடையது.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஈ.எல்.சி.பி.யில் ‘டி’ பட்டனை அழுத்தினால் சுவிட்ச் விழுகிறது, அதனால் எர்த் சரியாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பட்டன் பெட்டிக்குள்ளேயே ஒரு செயற்கைக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. கருவி இறுகிப்போகாமல் வேலை செய்கிறதா என்பது மட்டும்தான் அதில் தெரியும். எர்த் கம்பி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், அவசியம். அழுத்தியும் விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். ஆனால் எர்த்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

மழைக்கு வருவோம். மழையில் விழுகிறது என்றால் எங்கேயோ ஈரம் கம்பியைத் தொடுகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க நீங்களே பாதி வேலை செய்யலாம், அதுவும் பெட்டி மூடியைத் திறக்காமல்.

எப்போது விழுகிறது என்று முதலில் கவனியுங்கள். மழை பிடித்த சில நிமிடத்தில் விழுந்து, வெயில் வந்ததும் சரியாகிவிட்டால் வெளியே நனைகிற ஏதோ ஒன்று: போர்ச் விளக்கு, ஆட்டோகேட் மோட்டார், காலிங் பெல், ஏர்கான் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சுவிட்ச். இதில் நான் முதலில் சந்தேகப்படுவது போர்ச் விளக்கையும் ஆட்டோகேட்டையும்தான். மழை நின்ற பிறகு விழுந்து, மறுநாள் மத்தியானம் வரை நிற்காமல் அடம் பிடித்தால் தண்ணீர் கூரைக்கு உள்ளே இறங்கியிருக்கிறது. ஓடு விலகி, சீலிங்குக்கு மேல் டேப் சுற்றிய இணைப்பு ஊறியிருக்கும், அல்லது எலி கடித்த கம்பியில் ஈரம் ஏறியிருக்கும். இடி இடித்த அதே கணத்தில் விழுந்து, தூக்கிவிட்டதும் நின்றுவிட்டால் அது வேறு கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கு இடி மின்னலுக்குப் பேர் போன இடம். மின்னலின் வீச்சு லைனில் வரும்போது ஈ.எல்.சி.பி. தட்டிவிடுவது உண்டு. அதற்கு சர்ஜ் புரொடெக்டர் வைக்கலாமா என்று வயர்மேனிடம் கேளுங்கள். வானம் இருட்டும்போதே மோடம், டி.வி. பிளக்கைக் கழற்றிவிடுவது நல்ல பழக்கம்.

அடுத்த மழையில் சுவிட்ச் விழுந்ததும் இப்படிச் செய்யுங்கள். கை காய்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும், பிடிக்க ஒரு டார்ச். எம்.சி.பி. எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். ஈ.எல்.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக, இடையில் சற்றுப் பொறுத்து, மேலே தூக்குங்கள். எதைத் தூக்கும்போது ஈ.எல்.சி.பி. விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றவற்றோடு இரவைக் கழிக்கலாம். சாக்கெட் லைன் என்று தெரிந்தால், அதில் உள்ள பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நின்றுவிட்டால் சுவர் குற்றமற்றது, சாமான்களில் ஒன்றுதான் குற்றவாளி.

எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தும் ஈ.எல்.சி.பி. நிற்கவில்லை என்றால் குழம்ப வேண்டாம். வீட்டு எம்.சி.பி. பெரும்பாலும் லைவை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். எங்காவது நியூட்ரல் கம்பி நைந்து எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்.சி.பி.யை இறக்கினாலும் அந்தக் கோளாறு போகாது. வேறொரு லைனில் சாமான் ஓடும்போது சம்பந்தமே இல்லாத மாதிரி ஈ.எல்.சி.பி.யைத் தட்டும். ‘சில சமயம் நிற்கிறது, சில சமயம் நிற்பதில்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதற்கும் வாய்ப்பு உண்டு. இதைப் பிடிக்க நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கம்பியின் உறை கசியாமல் இருக்கிறதா என்று சோதிக்கிற மெகர் கருவி வைத்து அளக்க வேண்டும். அது உங்கள் வேலையோ பக்கத்து வீட்டு அண்ணன் வேலையோ இல்லை. திரும்பத் திரும்ப விழுகிற சுவிட்சை விடாமல் தூக்கிக்கொண்டே இருக்கவும் வேண்டாம்.

ஈ.எல்.சி.பி.யின் முகத்தில் இரண்டு எண்கள் இருக்கும். 40 ஆம்பியர் அல்லது 63 ஆம்பியர் என்பது அது எவ்வளவு கரண்டைச் சுமக்கும் என்பது. 0.1 அல்லது 0.03 என்பது எவ்வளவு கசிந்தால் விழும் என்பது. ‘பெரிய ஆம்பியர் போடுங்கள், விழாது’ என்று யாராவது சொன்னால் முதல் எண்ணைச் சொல்கிறார்கள், அதனால் பலன் ஒன்றும் இல்லை. இரண்டாவது எண்ணை 0.3க்கு ஏற்றச் சொன்னால் விழுவது குறையும்தான், ஆனால் ஆளைக் காப்பாற்றாது.

உங்களுடையது பழைய வீடு என்பதால் வீடு முழுவதற்கும் 0.1, அதாவது 100 மில்லி ஆம்பியரில் ஒன்றே ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். எழுதியிருப்பதைப் பாருங்கள். 100 என்றால், 50க்குக் கீழே விழவே கூடாது என்று செய்யப்பட்ட கருவி. உடம்பில் 40 ஓடினால் அது சும்மா இருக்கும். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாமான்கள் உள்ள லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் கேட்கின்றன, தரை ஈரமாகும் இடத்துக்கு 10. வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் வைப்பது இதனால்தான். வயர்மேன் வருகிறபோதே சாக்கெட் லைன்களை 30க்கு மாற்றிவிடுங்கள். அம்மா புழங்குகிற பின்பக்க ஈரத்தரை சாக்கெட்டுக்கு 10 மில்லி ஆம்பியரில் தனியாக வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். விளக்கு லைனைத் தனி ஈ.எல்.சி.பி.யில் பிரித்துவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு: சாக்கெட்டில் கோளாறு வந்தாலும் வீடு இருட்டாகாது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் மாடிப்படி இருட்டாகாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

அடிப்படையிலிருந்து கேட்டதால் சுமையைப் பற்றியும் இரண்டு வரி. சாமானில் எழுதியிருக்கிற வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 2,200 வாட் கெட்டில் ஒன்பதரை ஆம்பியர், 1,500 வாட் ஏர்ஃப்ரையர் ஆறரை, 700 வாட் சோற்றுக் குக்கர் மூன்று. மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் 19 ஆம்பியர். அதில் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ்தான். ஆனால் ஃபியூஸ் அந்த அளவு மீறலில் உடனே போகாது, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் பிளக் பழுப்பேறி உருக ஆரம்பித்துவிடும். கெட்டிலைச் சுவரில் நேராகச் சொருகுங்கள். 3,600 வாட் வாட்டர் ஹீட்டருக்கு ஏறக்குறைய 16 ஆம்பியர் வேண்டும். அதைப் பிளக்கில் போடவே கூடாது, டி.பி. பெட்டியிலிருந்து தனி லைன் வேண்டும்.

ஆளைக் கூப்பிடும்போது எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேனாகப் பார்த்துக் கூப்பிடுங்கள், தகுதிச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, முறையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். தெனாகாவின் 15454க்கு அழைத்தால் மீட்டர் வரைக்குமான கோளாறைத்தான் பார்ப்பார்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. அக்கம்பக்கத்தில் விளக்கு எரிந்து உங்கள் ஈ.எல்.சி.பி. விழுந்திருந்தால் அது உங்கள் பக்கம்தான்.

வயர்மேனிடம் நான்கு விஷயம் கேளுங்கள். வாஷிங் மெஷினின் தகரத்திலிருந்து டி.பி. பெட்டியின் எர்த் பட்டை வரை வழி முழுதாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். வெளியே உள்ள எர்த் கம்பியின் தடை எத்தனை ஓம் என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு லைனையும் 500 வோல்ட் மெகரில் சோதிக்க வேண்டும். ஒரு மெகோமுக்கு, அதாவது பத்து லட்சம் ஓமுக்கு, குறைந்தால் அந்த லைனில் கம்பி கெட்டிருக்கிறது. சோதனைக்கு முன் எல்லாப் பிளக்கையும் கழற்ற மறக்காதீர்கள், மின்னணுச் சாமான்கள் தாங்காது. கடைசியாக, ஈ.எல்.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியரில், எத்தனை மில்லி விநாடியில் விழுகிறது என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். டெஸ்ட் பென் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, தொட்டுப் பார்த்துவிட்டு ‘எல்லாம் ஓகே’ என்று சொல்பவரை மரியாதையாக அனுப்பிவிட்டு வேறொருவரைக் கூப்பிடுங்கள்.

மழைக்காலத்திலேயே அளக்கச் சொல்லுங்கள். நாலு நாள் வெயில் காய்ந்த பிறகு அளந்தால் ஈரத்தில் வருகிற கசிவு எண்ணில் தெரியாமல் போகும். கிடைத்த அளவுகளை ஒரு தாளில் லைன் வாரியாக எழுதி வாங்கி, டி.பி. பெட்டியின் முகப்பைப் படம் எடுத்து, இரண்டையும் அனுப்பி வையுங்கள். எந்த லைனை முதலில் மாற்ற வேண்டும், எது காத்திருக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.